நெல்லி மரத்தடியில் பதினேழு துடைப்பங்கள்

இந்தி, தெலுங்கு, தமிழ் மூன்றும் பேசத் தெரிந்த ஆள் மூன்று நாளைக்கு வேண்டும், மலையேறக் கால் வேண்டும், படிப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று சென்னையில் கார் ஓட்டும் நண்பன் போனில் சொன்னான். கடைசி நிபந்தனைக்காகவே ஒப்புக்கொண்டேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனிக்குப் போய், கடப்பாவில் மாவு பிசைந்து, திருப்பதி ஓட்டலில் எச்சில் இலை எடுத்து, நாக்பூரில் லாரி கழுவி வளர்ந்தேன். மொழிகள் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவை. மூன்றில் இரண்டை எனக்கு எழுதத் தெரியாது.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் வந்திறங்கியவர் பெயர் ரூபாலி. அசாம்காரர், நாற்பது வயதிருக்கும், குள்ளம், முதுகில் தன் பாதி உயரத்துக்கு ஒரு பை. பிளாட்பாரம் முழுக்க மொட்டைத் தலைகள். "இந்த ஊரில் எல்லோருமே மொட்டையா?" என்று இந்தியில் கேட்டார். நானே இங்கே மூன்று முறை மொட்டை போட்டவன், ஒன்று வேண்டுதலுக்கு, இரண்டு முறுக்குக் கம்பெனிப் பேனுக்கு என்றேன். சிரித்தார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காத முதலாளிகளோடு மூன்று நாள் என்பது நீண்ட காலம்.

திருப்பதியில் எனக்குத் தெரிந்த கடையில் காரம் தோசை வாங்கிக் கொடுத்தேன். பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்பு விழுதைத் தோசை முழுக்கப் பூசித் தருவார்கள். எங்கள் பக்கத்துத் தோசை இதோடு பார்த்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. அந்த அம்மாள் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூன்றாவது தோசை கேட்டார். எங்கள் ஊர் மிளகாய்க்கு இது தங்கச்சி என்றார். கல்லின் பக்கத்தில் நின்றவர் தெலுங்கில் தன் ஆளிடம், "இந்த அம்மாவுக்கு நாக்கா, தோலா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

சாப்பிட்டபடியே வேலையைச் சொன்னார். நகரிக்கு மேலே மலையடிவாரத்தில் ஓர் இருளர் குடியிருப்பு. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து காட்டு நெல்லிக்காய் எடுக்கிறார்கள். காடு கெடாமல் எடுக்கிறார்களா, எடுத்தவர்கள் கைக்கு நியாயமான விலை போகிறதா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். அந்த எழுத்தை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் முத்திரை கொடுப்பார்கள். முத்திரை இருந்தால் வெளிநாட்டுக்கு நெல்லிப்பொடி அனுப்பும் ஒரு கம்பெனி சங்கத்திடமே நேராக வாங்கிக்கொள்ளும். போன வருடம் கணக்குப் புத்தகம் சரியில்லை என்று கிடைக்கவில்லை. கம்பெனி இன்னும் ஒரு வருடம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறது. இதுதான் அந்த வருடம்.

"ஒன்று மட்டும்," என்றார். "அவர்கள் சொல்வதை அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும். நான் சொல்வதை அப்படியே அவர்களுக்கு. நீங்களாக எதையும் சேர்க்கக் கூடாது, விடவும் கூடாது." அதற்கென்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார்.

நாளை ஒரு நாளில் வேலையை முடித்துவிட்டு, மறுநாள் காலை திருமலையில் தரிசனத்துக்குப் போவதாகத் திட்டம். அவருடைய அம்மா சொல்லி வாங்கிய டிக்கெட் கைப்பையில் இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் நகரியில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நின்று பேசினால் பேச்சு அந்தத் தாளத்துக்கே போகிறது. டீக்கடையில் பக்கத்தில் நின்ற தறிக்காரர் ஒருவர் டீ போடுபவனிடம் தெலுங்கில் பேசிவிட்டு, தன் மகளிடம் தமிழில் அதட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "இன்னா சார், எந்தூரு?" என்றார். சொன்னேன். இங்கே என்ன மொழி அதிகம் என்று சும்மா கேட்டு வைத்தேன். "சச்சிவாலயம், கவர்மென்ட் ஆபீஸ்ல தெலுகு, வூட்ல தமிழு. சண்ட வந்தா ரெண்டும்," என்றார்.

முதன்முதலில் இந்தப் பக்கம் வந்தபோது "துன்னியா?" என்று ஒருவர் கேட்க, எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் மாட்டைத்தான் தின்றாயா என்போம். வயிறு காய்ந்து கிடந்த ஒரு வாரம் அதே கேள்வியை அதே மனிதர் மூன்று வேளையும் கேட்டார், கேட்டதோடு நிற்காமல் சோறும் போட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு இனிக்கத் தொடங்கிவிட்டது.

ஷேர் ஆட்டோவில் பதினொரு பேர். தரைப்பாலத்தில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டார். சாமி பாதித் தூரம்தான் வந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ரூபாலியும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தள்ளினார். அவருடைய ஒரு செருப்பு தண்ணீரோடு போனது. அக்கரையில் காட்டிலாகாக்காரர் ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னார். தமிழ் பேசும் ஆண், தோளில் பை, பக்கத்தில் மலை என்றால் இங்கே செம்மரக் கடத்தல்தான் முதலில் நினைவுக்கு வரும். பழகிப்போனது. உள்ளே ஒரு லுங்கியும் ஒரு சோப்பும் இருந்தன. "இவ்வளவுதானா?" என்று தெலுங்கில் கேட்டார். நாற்பது வருடத்தில் சேர்த்தது இவ்வளவுதான் என்றேன். தோளில் தட்டி அனுப்பினார்.

குடியிருப்பின் முகப்பிலேயே கன்னியம்மா நின்றிருந்தார். சங்கத்தின் தலைவி. உயரமான பெண், நெற்றி நிறையப் பொட்டு, அன்றைக்கென்று எடுத்துக் கட்டிய சேலை. ரூபாலியின் ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்தார். "போட்டுக்கச் சொல்லுண்ணா. மேல முள்ளு கீது." அவர் வெறுங்காலோடு முன்னே நடந்தார்.

வழியில் பேசிக்கொண்டே வந்தார், நான் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் மஞ்சள் பெயின்ட்டில் நம்பர். மொத்தம் நாற்பத்திரண்டு மரம். கொப்பை ஒடிக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு காய் மரத்திலேயே நிற்க வேண்டும். தரையில் விழுந்ததிலும் மானுக்கும் முளைப்புக்கும் கொஞ்சம் விட வேண்டும்.

"புத்தூர்ல வாங்குறவன் இருக்கான் பாரு, அவனுக்கு ஒடிச்சி எடுத்தாலும் ஒரே வெல, ஒண்ணு ஒண்ணா பறிச்சாலும் ஒரே வெல," என்றார். "ஒடிச்சா அர நாள்ல மூட்ட ரொம்பிடும். நான்தான் வேணாம் வேணாம்னு மூணு வருசமா இவளுங்கள புடிச்சி வெச்சிக்கீறேன். இந்த தபாவும் முத்திர வரலன்னா யாரு என் பேச்ச கேப்பா? அடுத்த வருசம் கொப்புங்கோ கீழ கெடக்கும்."

அப்படியே சொன்னேன். ரூபாலி அப்படியே எழுதினார்.

முதல் மரத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

மரத்தைச் சுற்றி ஓர் அறை அளவுக்குத் தரை பெருக்கப்பட்டிருந்தது. ஒரு சருகு இல்லை. ஒரு காய் இல்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, நடுவில் கோலம். ஈச்சந்துடைப்பத்தின் வரிகள் ஈரமண்ணில் அப்படியே தெரிந்தன. எனக்கு விஷயம் பார்த்த உடனே புரிந்தது. திருப்பதியில் இலை எடுத்த காலத்தில், கார்த்தீக மாதம் வந்தால் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு தோப்புக்குப் போவார்கள். நெல்லி மரத்தடியை, அவர்கள் சொல்லில் உசிரி மரத்தடியை, பெருக்கி, மஞ்சள் தெளித்து, கும்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வனபோஜனம். கீழ் ஊர்த் தெலுங்குக்காரர்களிடமிருந்து இந்த வழக்கம் இந்தக் குடியிருப்புக்கும் ஏறியிருக்கிறது. இது கார்த்தீக மாதம். நெல்லி மரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து விருந்தாளி வருகிறார். பெருக்காமல் இருப்பார்களா?

அசாம்காரருக்கு அது எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்ட தாள் அவர் பையில் இருந்தது. நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கீழே விழுந்த காய்கள் எங்கே?" என்று ரூபாலி கேட்டார். கேட்டேன்.

"நீங்க வர்றீங்கன்னு பெருக்கிட்டோம் மேடம்!" கன்னியம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "கார்த்தீக மாசத்துல உசிரி மரத்தடி குப்பையா இருக்கலாமா?"

"பெருக்கியதை எங்கே போட்டீர்கள்?"

"சாமி மரத்து குப்ப இல்லியா, கால்ல மிதிபடக் கூடாது. ஓடைல வுட்டுட்டோம்."

ஓடை மேல்மலையில் பெய்த இரண்டு நாள் மழையில் செம்மண் நிறத்தில் கத்திக்கொண்டு ஓடியது. அதில் போன காய்கள்தான் காலையில் எங்களோடு தரைப்பாலத்தில் ஆட்டோவைத் தள்ளியிருக்கும்.

"வேறு மரத்துக்குப் போகலாம். எத்தனை மரத்தடி பெருக்கினீர்கள்?"

"எல்லாமே," என்றார் கன்னியம்மா. "நாப்பத்திரெண்டும். ரெண்டு நாளு, பதினேழு பொம்பளைங்க. இடுப்பு வுட்டுப்போச்சி."

ரூபாலி பேனாவை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நம்பியதை எழுத முடியாது, பார்த்ததைத்தான் எழுத முடியும். தரையில் ஒரு காய்கூட விடாமல் எடுப்பவர்களின் மரத்தடியும் இப்படித்தான் இருக்கும்." இதைத் தமிழாக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கன்னியம்மா கோலத்தைப் பார்த்தார், கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அதுவரை அது அவர் கையில் இருந்ததையே நான் கவனிக்கவில்லை.

பின்னால் நின்ற அவர் கொழுந்தன் செங்கையாதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன். மானு இன்னா, காலு கழுவிக்கினா வர்து? வுடுங்கடின்னேன்."

"நீ எப்ப சொன்ன?" என்று சரோஜா என்ற பெண் பாய்ந்தார். "கோலத்துக்கு மாவு கொண்டாந்தவனே நீதான்."

"தூக்கினு வரச் சொன்னீங்கோ, தூக்கினு வந்தேன். பொம்பளைங்களுக்கு எதுத்து பேசி நான் எந்த வூட்ல சோறு துன்றது?"

யாரும் சிரிக்கவில்லை.

மரத்தடியில் சாப்பாடு தயாராக இருந்தது. ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு, நெல்லிக்காய்ப் பச்சடி. ரூபாலி கையெடுத்துக் கும்பிட்டு, சோதனைக்கு வந்த இடத்தில் நான் சாப்பிடக் கூடாது, எங்கள் விதி என்றார். அதையும் மாற்றிச் சொன்னேன். பெருக்கியது தப்பு என்றபோது கலங்காதவர்கள் இதற்குக் கலங்கினார்கள். எனக்கும் அந்த விதி உண்டு என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் நானும் சாப்பிடவில்லை. அந்தக் கருவாட்டு வாசனைக்கு முன்னால் பிஸ்கட் மென்றது என் வாழ்க்கையின் கஷ்டங்களில் சேரும். ரூபாலியும் பிஸ்கட்டை மெதுவாகத்தான் மென்றார்.

சட்டென்று அவர் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார். உச்சிக் கொப்புகளில் காய்கள் பச்சைப் பச்சையாக நின்றன. "இவை எப்போது விழும்?"

"ராவுல காத்து அடிச்சா உதிரும்," என்றார் கன்னியம்மா, ஆர்வமில்லாமல்.

"மான் எப்போது வரும்?"

"அது இன்னா, வாட்ச் கட்டிக்கினா வர்து? விடியறதுக்குள்ள வந்துட்டு பூடும்."

ரூபாலி எழுந்து நின்றார். அவர் பேச்சில் அவசரம் வந்தது, நான் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தரை இப்போது வெறுமையாக இருக்கிறது. நாளைக் காலை அதில் இருப்பதெல்லாம் ஒரே ராத்திரியில் மரம் கொடுத்தது. மரத்தைச் சுரண்டியிருந்தால் ஒன்றும் விழாது. விட்டு வைத்திருந்தால் விழும். இன்று இரவு இங்கேயே தங்குகிறேன். விடிந்ததும் நான் சொல்லும் நம்பர் மரங்களைப் பார்ப்போம். அதுவரை ஒருவரும் மலை ஏறக் கூடாது.

"உங்கள் தரிசனம்?" என்று கேட்டேன். நானாகச் சேர்த்த ஒரே கேள்வி அதுதான்.

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்," என்றார்.

எங்களுக்குப் பள்ளிக்கூட அறையைத் திறந்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் கன்னியம்மா வீடு வீடாகப் போய் எல்லாத் துடைப்பங்களையும் வாங்கி வந்து ரூபாலியின் முன்னால் அடுக்கினார். "எண்ணிக்கச் சொல்லுண்ணா. பதினேழு. காலைல வாசல் பெருக்காம கெடந்தா கெடக்குது." எனக்கு வராண்டாவில் இடம். தலைமாட்டில் துடைப்பக் கட்டு. பல ஊர்களில் பலவற்றின் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இது புதிது. நல்ல காற்று அடித்தது. யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை.

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். ரூபாலி ஆறு நம்பர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார். முதல் சீட்டு ஒன்பது.

கோலம் இல்லை. இருந்தது, ஆனால் அதன் மேல் குளம்புகள் நடந்திருந்தன. பெருக்கி மெழுகியது போன்ற ஈரமண்ணில் ஒவ்வொரு அடியும் அச்சுப் போட்டது மாதிரி பதிந்திருந்தது. பெரிய குளம்பு, பக்கத்தில் விரல் நுனி அளவுக்குச் சின்னக் குளம்பு. சுற்றிலும் நெல்லிக்காய்கள், சில முழுசாக, சில கடித்துப் போட்டவை. செங்கையா கொஞ்சம் தள்ளிப் பாறை இடுக்கில் குவிந்து கிடந்த கொட்டைகளைக் காட்டினார். மான் காயை விழுங்கி, பிறகு உட்கார்ந்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் துப்பும் என்றார். "எங்க சம்சாரம் வெத்தல போட்டா மாதிரி."

சருகோடு கிடந்திருந்தால் இந்த அடிகளில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது என்று ரூபாலி சொன்னார். மண்டியிட்டுப் படம் எடுத்தார். அடுத்த நான்கு மரங்களும் அப்படியே. பெண்கள் ஒவ்வொரு மரத்துக்கும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

ஆறாவது முப்பத்தொன்று. அங்கே தரை நேற்றுப் பெருக்கியபடி இருந்தது. கோலம் முழுசாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கொப்புகளில் இலைதான்.

காற்று இந்தப் பக்கம் அடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரம் பாறை மறைவில்தான் நின்றது. நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"இது சரோஜா எடுத்த மரம்," என்றார். "மொத்தத்தையும் பறிச்சிட்டா. ஒரு காயி வெக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும். திட்டினேன், புத்தகத்துல ஏத்தல. ஏத்தாதது என் தப்பு."

சரோஜா தலை நிமிராமல் சொன்னார்: "பொண்ணுக்கு ஜுரம். நாலு மரம் சுத்த முடியாது. ஒரே மரத்துல முடிச்சிக்கினு எறங்கிட்டேன்."

ரூபாலி என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அந்த இரண்டு பேச்சையும் விழுங்கிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அப்படியே சொன்னேன். அவர் அப்படியே எழுதினார். பிறகு பேனாவை மூடி, நோட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயைக் கட்டினார்.

"வேலை முடிந்தது. முடிவு என்னுடையதில்லை, நான் எழுதி அனுப்புவதோடு சரி," என்றார். அடுத்ததை என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "அந்தக் கருவாடு மிச்சம் இருக்குமா? எங்கள் வீட்டிலும் அதே வாசனைதான் வரும். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை."

நான் மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். தன்னிடமிருந்த பிஸ்கட், அவல், அசாமிலிருந்து கொண்டுவந்த எள்ளுருண்டை எல்லாவற்றையும் ரூபாலி நடுவில் கொட்டினார். யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றார். ஒன்பதாம் நம்பர் மரத்தடியில் உட்கார்ந்தோம். குளம்படிகளை மிதிக்காமல், தள்ளித்தான். சரோஜா தனியாக நின்றார். கன்னியம்மா திரும்பிப் பார்க்காமலே, "இன்னாடி நிக்கற? வந்து துன்னு," என்றார்.

அதற்குப் பிறகு நான் விஜயவாடா, ராய்ச்சூர் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டேன். ராய்ச்சூரில் அரிசி மில்லில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கன்னியம்மாவின் போன் வந்தது.

"வந்துடுச்சிண்ணா! முத்திர வந்துடுச்சி. முப்பத்தொண்ண மட்டும் ரெண்டு வருசம் யாரும் தொடக் கூடாதாம். சரோஜாதான் அதுக்கு காவலு, அவளே கேட்டு வாங்கிக்கினா." மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார். "அப்பறம் ஒரு கண்டிசன். இனிமே எந்த நம்பர் மரத்தடியும் பெருக்கவே கூடாதாம்."

அப்படியானால் அடுத்த கார்த்தீக மாதத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குன்னு ஓடைக்கு இந்தாண்ட ஒரு உசிரி மரம் வெச்சிக்கீறோம். அதுக்கு நம்பரே போடல. இஷ்டத்துக்கு பெருக்கலாம். மேடத்துக்கும் சொல்லிட்டோம், அவுங்க செருப்பு போட்டுக்கினு வரட்டும். நீ இன்னா, துன்னியா?"

இன்னும் இல்லை என்றேன்.